குப்பை வண்டி வெங்கடம்மாள்

சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் தோட்டம் வைத்திருந்த வெங்கடம்மாளுக்கு இரண்டு பெயர் உண்டு. தோட்டத்துப் பக்கம் அவள் அழகிரிசாமி நாயுடு வீட்டம்மா. மில் குவார்ட்டர்ஸ் பக்கம் போய்விட்டால் குப்பை வண்டியக்கா. இரண்டாவது பெயரைக் கேட்டு அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எதற்குச் சுளிக்க வேண்டும்? டவுன்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே தள்ளுவதைக் குடியானவன் கும்பிட்டு வாங்கி நிலத்தில் போடுகிறான். அது கத்தரிக்காயாகி, கீரையாகி, திரும்ப அவர்கள் தட்டுக்கே போகிறது. இதில் அசிங்கம் எங்கே வந்தது?

ஆனால் அவள் ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. அழகிரிசாமி மில்லில் பஞ்சு அடிக்கிற இடத்தில் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் ஏறி, இருமல் பிடித்து, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற ஆளாகிவிட்டார். மில்லுக்காரர்கள் மரியாதையாக மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஒரே மகளை மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது தோட்டம். அதுவும் உப்புப் பூத்த களர் மண். எருவைக் கொட்டிக்கொண்டே இருந்தால் ஏதாவது கொடுக்கும், நிறுத்தினால் அடுத்த வெள்ளாமைக்கே கையை விரித்துவிடும். சீமை உரம் வாங்க வக்கில்லை. வெங்கடம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய், முதல் வாசலில் நின்று, "ஏனுங்க அம்மணி, குப்பை இருந்தாக் குடுக்கறீங்களா?" என்று கேட்டபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது ஐம்பத்தைந்தாம் வருஷம்.

கூடை சுமந்து கழுத்து வலி கண்டபிறகு, கை வளையலைக் கழற்றிக் கொடுத்து, பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு காளை பிடித்தார்கள். சாம்பல் பூத்த மாதிரி நிறம், அதனால் மயிலை என்றே பெயர். ஒற்றை மாட்டு வண்டியும் ஒன்று பழசாகக் கிடைத்தது. வீட்டில் பேசுகிற தெலுங்கை அவள் வெளியே யாரிடமும் பேச மாட்டாள், மயிலையிடம் மட்டும் பேசுவாள். "ரா நாயனா" என்று கூப்பிட்டால் போதும், மூக்கணாங்கயிற்றைத் தொடவே வேண்டாம், பின்னாலேயே வந்துவிடும். தன் புருஷனைக்கூட அவள் அத்தனை கொஞ்சிக் கூப்பிட்டதில்லை என்று அழகிரிசாமியே கேலி செய்வார்.

திங்களும் வியாழனும் அவளுடைய முறை. செவ்வாயும் வெள்ளியும் எந்த வீட்டிலும் குப்பையை வெளியே கொடுக்க மாட்டார்கள், லட்சுமி கூடவே போய்விடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி, ஒறம்பரை என்று வீட்டுக்கு ஆள் வரும் நாள். மில் குமாஸ்தாக்கள் குடியிருந்த அந்த மூன்று லைன்களிலும் வாசல் வாசலாக வண்டி நிற்கும். காய்த்தோல், வாழைத்தோல், அடுப்புச் சாம்பல், வேப்பஞ்சருகு, செடி கழித்த குப்பை எல்லாம் வண்டியில் ஏறும். பதிலுக்கு அவள் ஒரு பிடி கீரையோ நாலு கத்தரிக்காயோ படியில் வைத்துவிட்டு வருவாள். பொங்கல் நோம்பிக்கு வீட்டுக்கு ஒரு பூசணிக்காய். இதற்கு இது என்று யாரும் பேசிக்கொண்டதில்லை.

மக்காத சாமான்களுக்கு வேறு ஆள் இருந்தார். கோட்டைமேட்டிலிருந்து சைக்கிளில் சாக்கும் தராசும் கட்டிக்கொண்டு வருகிற முஸ்தபா. பழைய பேப்பர், பாட்டில், தகரம் எல்லாம் அவருக்கு. "மக்கறது உங்குளுது, மக்காதது என்னுது. நம்ம ரெண்டு பேருக்கும் சண்டையே வராதுங்கக்கா" என்பார். அவரும் வேண்டுமென்றே திங்களும் வியாழனும்தான் வருவார். வண்டியில் ஒரு தகரம் கிடந்தால் அவள் எடுத்து அவர் சாக்கில் போடுவாள். அவர் சாக்கில் காய்ந்த பூமாலை இருந்தால் அது வண்டிக்கு வரும். இப்படி ஐந்து வருஷம் போயிற்று.

இரண்டாவது லைனில் மூன்றாவது வீடு நாச்சியம்மாளுடையது. புருஷன் ஈஸ்வரமூர்த்தி மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அந்த வீட்டில் மட்டும் குப்பை வாளி நேராக வண்டிக்கு வராது. நாச்சியம்மாள் பண்ணையத்தில் பிறந்து வளர்ந்தவள். கட்டுத்தாரை நிறைய மாடு பார்த்த கை. குவார்ட்டர்ஸில் ஒரு கன்றுக்குட்டிகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மில்லின் சட்டம். அதனால் சாம்பலையும் சருகையும் வண்டியில் கொட்டிவிட்டு, காய்த்தோல் வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மயிலைக்கு முன்னால் வந்து நிற்பாள். "வாடா கண்ணு" என்று ஒவ்வொரு பிடியாகத் தன் கையாலேயே ஊட்டுவாள். மயிலையும் அந்த வீட்டு வேலி கண்ணில் பட்டதும் நடையை எட்டிப் போடும். ஒரு பிடியை நாக்கால் சுருட்டி வாயில் போட்டு, மென்றும் மெல்லாமலும் முழுங்கிவிட்டு, அடுத்த பிடிக்குத் தலையை நீட்டும். அது தின்று மிஞ்சியதுதான் வண்டிக்கு. மாட்டுக்குத் தின்கிறபோது மெல்லுகிற வழக்கம் இல்லையே, அசை போடுவதெல்லாம் பிறகுதானே. வெங்கடம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

அறுபதாம் வருஷக் கடைசியில் எருக்குழியைக் கிளறும்போது அவள் கட்டைவிரலில் சுருக்கென்று ஏறியது. பிடுங்கிப் பார்த்தால் துருப்பிடித்த கொண்டை ஊசி, பாதி உடைந்தது. அதைச் சுற்றி முடி. இன்னும் கிளறினால் இன்னொன்று. ஒரு பிளேடுத் துண்டு. வெங்கடம்மாள் பயந்துபோனாள். விரலை நினைத்து அல்ல. மயிலையை நினைத்து.

எந்த வீட்டு ஊசி என்று குழியில் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா வீட்டிலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அந்தத் திங்கட்கிழமை போனாள். இங்கேதான் நம் ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொல்லாத மரியாதை அது. தலையில் இடி விழுந்தால்கூட, "ஏனுங்க, சித்தெ அக்கட்டப் போயி உழுகறீங்களா?" என்று கேட்கிற ஜனம். நாச்சியம்மாள் வாசலில் நடந்ததைக் கேளுங்கள்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு சொல்லலாங்களா?"

"சொல்லுங்கக்கா."

"வேற ஒண்ணுமில்லீங்க. குப்பை போடறப்ப சித்தெ பாத்துப் போட்டீங்கன்னா..."

"பாத்துத்தானுங்க போடறேன். ஒரு முடிகூடக் காத்துல பறக்க உட மாட்டேன். எல்லாத்தையும் சுருட்டி மடிச்சுத்தான் போடறது. ஏனுங்கக்கா, உங்குளுக்கு ஏதாச்சும் சங்கட்டமாயிருச்சுங்களா?"

நாச்சியம்மாளின் முகம் அதற்குள் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் வெங்கடம்மாள் பதறிப்போனாள்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. உங்க ஊட்டுக் குப்பையாட்டச் சுத்தமான குப்பை இந்த லைன்லயே இல்லீங்க."

யார் கேட்டார்கள் இந்தச் சர்ட்டிபிகேட்டை? விரலில் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது, அதை நீட்டிக் காட்டினால் போதும், விஷயம் முடிந்துவிடும். அவள் அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். "பாத்துப் போடுங்க" என்றாள், "பாத்துத்தானுங்க போடறோம்" என்றார்கள், இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டார்கள். ஊசி என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

முஸ்தபாவிடம் சொல்லி அழுதாள். அவர் தராசுப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கொடுத்தார். பித்தளை எது, இரும்பு எது என்று ஒட்டிப் பார்த்து வாங்குவதற்காக அவர் வைத்திருந்தது. "கயித்துல கட்டிக் குப்பை மேல இழுங்கக்கா. ஊசியெல்லாம் ஒட்டிக்கும்" என்றார். அவள் தினமும் குழி மேல் அதை இழுத்தாள். ஊசியும் பிளேடும் ஒட்டத்தான் செய்தன. நிலத்துக்கு அது போதும். வாசலில் நின்று கையால் ஊட்டுகிற வாளிக்குள் காந்தத்தை எப்படி விடுவது? விட்டால் எதற்கு என்று கேட்பார்களே.

"நான் கேட்டுப் பாக்கறேங்கக்கா" என்று முஸ்தபாவே ஒருநாள் நாச்சியம்மாளிடம் போனார். "ஒடைஞ்ச ஊசி, கம்பி, பிளேடு எது இருந்தாலும் எனக்குக் குடுத்துருங்கம்மா, நான் எடுத்துக்கறேனுங்க" என்று நேராகவே கேட்டுவிட்டார். வெங்கடம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது.

நாச்சியம்மாள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "ஊசியும் இரும்பும் கைமாத்திக் குடுக்கக் கூடாதுங்க பாய். குடுத்தா ஒறவு முறிஞ்சுரும்னு எங்கம்மா சொல்லும். உங்குளுக்கும் எனக்கும் எதுக்குங்க பொல்லாப்பு?"

கைமாற்றித்தானே கூடாது? முஸ்தபா விட்டுவிடவில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு வனஸ்பதி டப்பாவைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். போனமுறை அந்த அம்மாள் மனசு சங்கடப்பட்டதே என்று, ஊசிப் பேச்சையே எடுக்காமல், "இதை இந்தத் திண்டு மேல வெச்சுட்டுப் போறேனுங்கம்மா, எதுக்காச்சும் ஆகுமுங்க" என்றார். சொல்லாமலே புரிந்துகொள்வாள் என்று அவர் கணக்கு. அடுத்த வாரம் வந்து பார்த்தால் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மண் ரொப்பி, டேபிள் ரோஜா நட்டிருந்தது. "நீங்க குடுத்ததுதானுங்க பாய், எப்படி அழகாப் பூத்திருக்குது பாருங்க" என்று நாச்சியம்மாள் மலர்ந்து சிரித்தாள். முஸ்தபா தலையைத் தலையை ஆட்டினார். வெங்கடம்மாளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

தைப்பொங்கல் வந்தது. வாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் செருகுகிற காப்புக் கட்டுக்கு முந்தின வாரம் லைன் முழுக்க வீடு வழித்து, சுண்ணாம்பு அடித்து, பழசையெல்லாம் வெளியே தள்ளினார்கள். வண்டி கொள்ளாத குப்பை. மயிலை இழுத்தது. பட்டிப் பொங்கலன்று அதன் கொம்புக்குக் காவி பூசி, கழுத்தில் ஆவாரம்பூ கட்டி, குவார்ட்டர்ஸுக்கே ஓட்டிக்கொண்டு போய் நாச்சியம்மாளிடம் காட்டிவிட்டு வந்தாள் வெங்கடம்மாள். நாச்சியம்மாளும் அதற்கு வயிறு நிறையப் பொங்கலும் பழமும் ஊட்டினாள்.

தை முடிவதற்குள் மயிலை நின்றுவிட்டது. குளத்து மேட்டிலிருந்து இறங்குகிற சரிவில் வண்டியோடு அப்படியே நின்றது. "ரா நாயனா" என்றாள். ஒரு கால் எடுத்து வைத்து, முனகி, பின்வாங்கியது. இத்தனை வருஷத்தில் அது முனகி அவள் கேட்டதில்லை. வண்டியை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு மெல்ல நடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தொட்டியில் வைத்த தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. படுக்கவும் மாட்டேன் என்றது. முன்னங்கால்களை அகட்டி வைத்து, முதுகைக் கூனிக்கொண்டு, இரவும் பகலும் நின்றது.

சுக்கும் ஓமமும் இடித்துக் கஷாயம் கொடுத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து சூடு போட்டார். அந்தச் சூட்டைக்கூட வாங்கிக்கொண்டு அது அசையாமல் நின்றதைப் பார்த்து வெங்கடம்மாள் உள்ளே ஓடிப்போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். பிறகுதான் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வேங்கடசாமியை அழைத்து வந்தார்கள். அவர் நெஞ்சுக்குக் கீழே கையை முஷ்டியாக்கி ஓர் அழுத்து அழுத்தினார். மயிலை அலறியது. கழுத்துக்கு அடியில் அலைதாடி வீங்கித் தொங்குவதைத் தடவிப் பார்த்தார்.

"தீனியோட கம்பியோ ஊசியோ போயிருக்குதுங்கம்மா. வவுத்துல இருந்து நெஞ்சுக்குக் குத்திட்டுது. வெளிய யாராச்சும் இதுக்குத் தீனி வெக்கறாங்களா?"

வெங்கடம்மாள் மயிலையின் கழுத்தைத் தடவினாள். "இல்லீங்க" என்றாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அறுத்து எடுக்க இங்க வசதி இல்லீங்க. இருந்தாலும் இனிமே பிரயோசனம் இல்லை. வீக்கம் இவ்வளவு தூரம் வந்துட்டா என்ன செய்யறது?" டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். காசு வாங்கவில்லை.

அழகிரிசாமி இருமிக்கொண்டே கட்டுத்தாரைக்கு வந்து உட்கார்ந்தார். நிற்கிற தெம்பு இருக்கும்போதே பொள்ளாச்சிக்கு ஏற்றிவிடலாம், அடிமாட்டு வியாபாரிகள் வாங்குவார்கள், வருவதை வைத்து இன்னொரு கன்று பார்க்கலாம் என்றார். சொல்லும்போதே அவர் குரல் கம்மிவிட்டது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாடு போனால் வண்டி போயிற்று, வண்டி போனால் எரு போயிற்று, எரு இல்லாவிட்டால் அந்தக் களர் மண்ணில் உப்பை அள்ளியா தின்பது? "நாம ரெண்டு பேரும் பட்டினி கெடப்போம். அவனை மட்டும் அனுப்பாதீங்க" என்று வெங்கடம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்த யோசனையை விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை பழைய கூடையைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் நடந்தே குவார்ட்டர்ஸுக்குப் போனாள். முறையை விட்டால் முனிசிபாலிட்டி வண்டியை வரச்சொல்லிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்ற எண்ணம் ஒரு பக்கம். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உங்க ஊட்டு ஊசிதானுங்க. உங்க ஊட்டு ஊசிதானுங்க.

நாச்சியம்மாள் வாளியோடு ஓடி வந்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்தாள், வீதிக் கோடி வரை பார்த்தாள். "மயிலை எங்கீங்க?"

"மேலுக்குச் சொகமில்லீங்க அம்மணி."

"என்னங்க ஆச்சு?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை வெங்கடம்மாள் சொல்ல வந்தாள். எதிரே நின்றவளின் கண்ணில் அதற்குள் தண்ணீர் கட்டிவிட்டது. அதைப் பார்த்த வெங்கடம்மாள், "தீனி எடுக்க மாட்டேங்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, குப்பையை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். வழியில் ஒரு புளியமரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் வாயிலேயே இரண்டு அடி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு நாச்சியம்மாள் வந்து நின்றாள். சிங்காநல்லூர் பஸ்ஸில் வந்து, இறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருக்கிறாள். கையில் பெரிய தூக்குப்போசி. "என்ற கையில குடுத்தாத் தின்னுமுங்கக்கா. நேத்து பூரா எனக்குச் சோறு எறங்கலை. புண்ணாக்கு ஊறவெச்சு, கழனித்தண்ணி ஊத்தி, வெள்ளிக்கிழமைன்னுகூடப் பாக்காம வாளியில இருந்த பழத்தோலை அப்படியே அள்ளிப் போட்டுட்டு ஓடியாறேன்" என்றாள்.

அவள் குரலைக் கேட்டு மயிலை தலையைத் தூக்கியது. நாலு நாளாக ஒரு வாய் புல் தொடாத மாடு, முன்னங்காலை அகட்டியபடியே கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே போட்டுத் துழாவியது. நாச்சியம்மாள் போசி மூடியைத் திறந்தாள்.

"சித்தெ இருங்க அம்மணி" என்று வெங்கடம்மாள் குறுக்கே போனாள். "நான் கலக்கித் தாரேனுங்க."

போசிக்குள் கையை விட்டாள். புண்ணாக்கு, உமி, தோல். அடியில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. வாழைப்பழத்தோல், நாலாக மடித்து, வாழைநாரால் பொட்டலம் மாதிரி அழகாகக் கட்டியது. விரலால் நெம்பினாள். உள்ளே, தலை வாரி உதிர்ந்த முடியைச் சுருட்டிய உருண்டை. உருண்டைக்குள் உடைந்த கொண்டை ஊசி.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இது கவனக்குறைவாக விழுந்தது இல்லை. கவனமாகப் போட்டது. உதிர்ந்த முடி காற்றில் பறந்தால் வீட்டுக்கு ஆகாது. இரும்பை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வெறுமனே வீசினால் யார் காலிலாவது குத்திவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, பழத்தோலில் மடித்து, நாரால் கட்டி, யாருக்கும் ஒரு தொந்தரவும் வராமல் வாளியில் போட்டிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. போட்ட கையோடு மறந்தும் போயிருக்கிறாள், மாட்டுக்கு ஊட்டுவதும் அதே வாளியிலிருந்துதான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பாத்துத்தானுங்க போடறேன் என்று அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

"என்னங்கக்கா, என்ன அது?"

வெங்கடம்மாளின் கை போசிக்குள்ளேயே முஷ்டி கட்டிக்கொண்டது. ஊசி உள்ளங்கையில் ஏறியது. நியாயமாகப் பார்த்தால் அதை எடுத்து அந்த மூஞ்சிக்கு நேரே நீட்டியிருக்க வேண்டும். நீட்டினால்? நெஞ்சில் குத்தியதை யார் பிடுங்குவது? நாளைக்கு இல்லாவிட்டால் நாளன்றைக்குப் போகப்போகிற மாடு அது. அதோடு சேர்த்து இவளையும் எதற்குக் கொல்வது?

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. புண்ணாக்குக் கட்டியா இருந்துச்சுங்க."

நாச்சியம்மாள் ஒரு பிடி அள்ளி நீட்டினாள். மயிலை அவள் உள்ளங்கையை நக்கி நக்கித் தின்றது. இரண்டாவது பிடியும் தின்றது. மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டது. "பாருங்கக்கா, திங்குது பாருங்க" என்று அவள் சிரித்தாள், அழுதாள், மாட்டின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெங்கடம்மாள் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். தண்ணீர் கொஞ்சம் சிவந்தது. மாட்டைச் சுற்றி நடந்ததை அவளால் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் மயிலை விழுந்தது, பிறகு எழவில்லை. தோட்டத்து மூலையில் குழி வெட்ட முஸ்தபாவும் வந்து மண்வெட்டி பிடித்தார். அழகிரிசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் இருமிக்கொண்டிருந்தார்.

கூடையோடு மறுபடி அந்த வாசலுக்கு வெங்கடம்மாள் வந்தபோது, அதற்குள் சேதி கேள்விப்பட்டிருந்த நாச்சியம்மாள் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசியா என்ற கையாலதானுங்க தின்னுச்சு. அது ஒண்ணு போதுமுங்க எனக்கு."

"ஆமாங்க அம்மணி" என்றாள் வெங்கடம்மாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாச்சியம்மாள் சொன்னாள்: "மனசு கேக்கலீங்கக்கா. உங்க மயிலை பங்கை இனிமே மாரியம்மன் கோயில் காளைக்கு வெச்சரலாம்னு இருக்கறேன். தெனமும் காத்தால இந்தப் பக்கந்தான் வருது. நேத்தைக்கே ரெண்டு பிடி தின்னுச்சுங்க."

வெங்கடம்மாள் திரும்பிப் பார்த்தாள். கோயில் காளை மதில் ஓரமாக வந்துகொண்டிருந்தது. நல்ல வாலிபக் காளை, திமில் தளும்பத் தளும்ப. இப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும்தான் கேட்கிறேன். ஆனால் கடைசியா என் கையால தின்னுச்சு என்று சொல்லி முடித்து, இன்னும் மூக்கு உறிஞ்சுகிறவளிடம், உன் கையால தின்னுதான் செத்தது என்று எந்த வாயால் சொல்வது? வெங்கடம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "நான் கலக்கித் தாரேனுங்க அம்மணி" என்று வாளியை வாங்கினாள்.

அதற்குப்பிறகு திங்கள் வியாழன் என்று ஒரு கணக்கு அவளுக்கு இல்லை. தினமும் காலையில், செவ்வாயானாலும் வெள்ளியானாலும், குளத்து மேட்டில் ஏறி இறங்கி அந்த வாசலுக்கு வந்துவிடுவாள். காளை வருவதற்கு முன்னால் வாளியில் கையை விட்டு அடிவரைக்கும் துழாவுவாள். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் அந்த நார் கட்டிய பொட்டலம் இருக்கும். யாரும் பார்க்காமல் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய் முஸ்தபாவின் சாக்கில் போடுவாள். கூடையில் சுமந்த குப்பை தோட்டத்தில் கால்வாசிக்குத்தான் காணும். மிச்ச நிலத்தில் உப்புப் பூத்தது. முனிசிபாலிட்டி டிராக்டர் லைனுக்குள் வர ஆரம்பித்து மற்ற வீட்டுக் குப்பையெல்லாம் அதில் போன பிறகும் அவள் வருவது நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள், இந்த அம்மாள் எதற்குத் தினமும் வந்து வாளியைக் கலக்கிவிட்டுப் போகிறாள் என்று கேட்டாள். "பாவமுங்க" என்று நாச்சியம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னது வெங்கடம்மாள் காதிலும் விழுந்தது. "மாடு போனதுல இருந்து இப்படித்தான். எந்த மாட்டுக்குத் தீனி வெச்சாலும் கைய உட்டுப் பாத்தாத்தான் மனசு ஆறுது."

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் விடாத மழை. வெங்கடம்மாளுக்கு நல்ல காய்ச்சல். அழகிரிசாமி போக வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தும், கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நின்று நின்று நடந்து வந்தாள். நாச்சியம்மாள் பார்த்துவிட்டு ஓடி வந்து நெற்றியில் கை வைத்தாள்.

"அனலாக் கொதிக்குதுங்களே. இந்த மழையில எதுக்குங்கக்கா வந்தீங்க? ஒரு நாளைக்கு நானே கலக்கி வெச்சுர மாட்டேனுங்களா?"

கோயில் காளை வேலிக்கு அந்தப்பக்கம் வந்து நின்று, நாச்சியம்மாளைப் பார்த்துத் தலையை நீட்டியது.

"அதுக்கில்லீங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு, வெங்கடம்மாள் வாளிக்குள் கையை விட்டாள்.